ஞாயிறு யாருடைய நாள்?



மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் நம் முன்னோர் சூட்டிய பெயர்களை நீங்கள் அறிவீர்கள். கதிரவன் எழும் கீழ்த்திசைக் கரை எழுவான்கரை. கதிரவன் படும் மேற்றிசைக் கரை படுவான்கரை. நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தவுடன் நாம் கால்வைக்கும் வவுணதீவு, அந்தப் படுவான்கரையின் தலைவாசல் போன்றது. உன்னிச்சைக் குளத்து நீரையும் மாரி மழையையும் நம்பி வாழும் வேளாண் மண் அது. அங்கே பொழுது படுவதென்றால் வேலை முடிந்து வீடு திரும்புவது என்று பொருள். நாள் முடிந்துவிட்டது என்று பொருள்.

ஆனால் விவிலியத்தின் கணக்கு வேறு. தொடக்க நூலின் முதல் அதிகாரத்தைப் பொறுமையாக வாசித்துப் பாருங்கள். ஒவ்வொரு படைப்பு நாளும் முதலில் மாலை, பின்னர் காலை என்றே எண்ணப்படுகிறது. பொழுது படுகின்ற அந்த வேளையில்தான் புதிய நாள் பிறக்கிறது. ஆகவேதான் யூத மக்களின் ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை கதிரவன் மறைகையில் தொடங்கி, சனிக்கிழமை இரவு விண்மீன்கள் தோன்றுகையில் முடிவடைகிறது. நம் திருச்சபையும் இந்தப் பழைய கணக்கின் சாயலை இன்றுவரை காத்து வருகிறது. சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்கேற்பவர் ஞாயிறு கடனை நிறைவேற்றியவர் ஆகிறார் என 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு கூறுவதும் இந்த மரபையொட்டியே.

அவ்வாறாயின் ஒரு கேள்வி எழுகிறது. பத்துக் கட்டளைகள் ஓய்வுநாளைத் தூயதாகக் கடைப்பிடிக்கப் பணிக்கின்றன. ஓய்வுநாளோ சனிக்கிழமை. நாம் ஏன் ஞாயிற்றுக்கிழமையைக் கடைப்பிடிக்கிறோம்? உங்கள் வீட்டு வாசலுக்கே வந்து சிலர் இக்கேள்வியைக் கேட்டிருக்கக்கூடும். மறைக்கல்வி பயிலும் உங்கள் பிள்ளையே கேட்டிருக்கவும் கூடும். விடையறியாமல் தடுமாறுவது நமக்கு அழகன்று. ஆகவே இந்த வாரம் அந்தச் சொல்லின் வேரிலிருந்தே தொடங்குவோம்.

சொல்லும் பொருளும்

சபாத் என்னும் எபிரேயச் சொல், நிறுத்துதல், ஓய்தல் எனப் பொருள்படும் வினையிலிருந்து வருகிறது. களைத்துப்போனவன் படுத்துறங்குவதை அது குறிப்பதில்லை. கையிலுள்ள வேலையை மனமறிந்து நிறுத்துவதையே குறிக்கிறது. கடவுள் களைப்படைபவர் அல்லர். எனினும் ஏழாம் நாளில் அவர் ஓய்ந்திருந்தார் என்று தொடக்க நூல் சொல்கிறது. போதும் என்று சொல்லத் தெரிந்த ஆண்டவரை அங்கே நாம் காண்கிறோம்.

பண்டைய பாபிலோனியரிடம் ஷபாத்து என்றொரு நாள் இருந்தது. அது மாதத்தின் பதினைந்தாம் நாள், முழுநிலா நாள். இவ்விரு சொற்களுக்கும் உறவுண்டா என அறிஞர்கள் நெடுங்காலமாக ஆய்ந்து வந்துள்ளனர். விவிலியத்திலும் அமாவாசையும் ஓய்வுநாளும் பல இடங்களில் அருகருகே பேசப்படுகின்றன (2 அரசர் 4:23, எசாயா 1:13). ஆயினும் இஸ்ரயேலின் ஓய்வுநாள் நிலவைப் பார்த்து வருவதன்று. நிலவின் ஒரு சுற்று ஏறத்தாழ இருபத்தொன்பதரை நாள்கள். அதை ஏழால் மீதியின்றிப் பகுக்க இயலாது. நிலவு வளர்ந்தாலும் தேய்ந்தாலும், மாரி பொழிந்தாலும் பொய்த்தாலும், ஆறு நாள்களுக்குப் பின் ஏழாம் நாள் வந்தே தீரும். அது வானத்துக் கோள்களுக்கு உரிய நாளன்று. ஆண்டவருக்கு உரிய நாள்.

இக்கட்டளைக்குத் திருநூல் இரு காரணங்களைத் தருகிறது. விடுதலைப் பயண நூல் (20:8-11) படைப்பை நினைவூட்டுகிறது. இணைச்சட்ட நூலோ (5:12-15) எகிப்தின் அடிமைத்தனத்தை நினைவூட்டுகிறது. ஓய்வே அறியாத அடிமைகளாய் இருந்தவர்கள் பிறரை ஓய்வின்றி வாட்டக்கூடாது என்பதே இரண்டாம் காரணத்தின் உட்பொருள். ஆகவே வீட்டுத் தலைவருக்கு மட்டுமன்றி, மகன், மகள், பணியாளர், அந்நியர், மாடு, கழுதை என அனைத்துக்கும் ஓய்வு கட்டளையிடப்படுகிறது. நம் மண்ணின் வழக்கில் சொல்வதானால், போடியாருக்குக் கிடைக்கும் ஓய்வு அவர் வயலில் நிற்கும் முல்லைக்காரனுக்கும், வாய்க்கால் வரம்பில் நிற்கும் எருமைக்கும் கிடைக்க வேண்டும்.

இறைவாக்கினர் ஆமோஸ் (8:5) கடிந்துகொள்ளும் வணிகர்களை எண்ணிப் பாருங்கள். அவர்கள் ஓய்வுநாளை வெளிப்படையாக மீறவில்லை. கடையை அடைத்துவிட்டுத்தான் அமர்ந்திருந்தார்கள். ஆனால் ஓய்வுநாள் எப்போது முடியும், எப்போது மரைக்காலைக் குறைத்தும் விலையைக் கூட்டியும் தானியம் விற்கலாம் என்றே அவர்கள் உள்ளம் தவித்தது. கை ஓய்ந்தும் பேராசை ஓயாத ஓய்வுநாள் அது.

விளக்கும் வேலியும்

யூதக் குடும்பங்கள் இந்நாளைச் சட்டமாக மட்டும் காக்கவில்லை, விருந்தாகவும் காத்தன. வெள்ளி மாலையில் இல்லத் தலைவி விளக்கேற்றுவார். மேசையில் இரண்டு அப்பங்கள் வைக்கப்படும். பாலைநிலத்தில் ஆறாம் நாளன்று இரட்டிப்பாகக் கிடைத்த மன்னாவின் நினைவு அது (விடுதலைப் பயணம் 16). திராட்சை இரசக் கிண்ணத்தின்மீது வாழ்த்துரை சொல்லப்படும். ஒருவரையொருவர் காணும்போது அமைதி நிறைந்த ஓய்வுநாள் எனப் பொருள்படும் 'ஷபாத் ஷாலோம்' என்று வாழ்த்துவார்கள்.

இந்நாளைக் காக்க வேலிகளும் எழுந்தன. செய்யத்தகாத வேலைகளை முப்பத்தொன்பது வகைகளாக மிஷ்னா நூல் பிரித்துரைத்தது. நடக்கத்தக்க தொலைவு இரண்டாயிரம் முழம் என வரையறுக்கப்பட்டது. ஒலிவ மலைக்கும் எருசலேமுக்கும் இடைப்பட்ட தொலைவைத் திருத்தூதர் பணிகள் நூல் (1:12) இந்த அளவாலேயே குறிப்பிடுகிறது. மக்கபேயர் காலத்தில் ஓய்வுநாளில் படைக்கலம் ஏந்த மறுத்து ஆயிரம் பேர்வரை மடிந்தனர் என்றும், அதன் பின்னரே உயிரைக் காக்க எதிர்த்து நிற்கலாம் என மத்தத்தியாவும் அவருடைய நண்பர்களும் முடிவெடுத்தனர் என்றும் மக்கபேயர் முதல் நூல் (2:29-41) சொல்கிறது. யூதருக்கு அந்நாள் உயிரைவிட மேலானதாயிருந்தது. இதை எள்ளி நகையாடுவது தவறு. ஆனால் வேலி வளர்ந்து பயிரையே மறைத்துவிடும் ஆபத்தும் உண்டு.

அவிழ்த்துவிட்ட ஆண்டவர்

நம் ஆண்டவர் இயேசு ஓய்வுநாளைப் புறக்கணித்தவர் அல்லர். ஓய்வுநாளில் தொழுகைக்கூடத்துக்குச் செல்வது அவருடைய வழக்கம் என்று லூக்கா (4:16) எழுதுகிறார். அவர் அந்நாளை அதன் முதல் நோக்கத்துக்கு மீட்டுத் தந்தார். பதினெட்டு ஆண்டுகளாகக் கூனிக் கிடந்த பெண்ணை ஓய்வுநாளில் நிமிர்த்திய நிகழ்ச்சியை (லூக்கா 13:10-17) நினைத்துக்கொள்ளுங்கள். தொழுகைக்கூடத் தலைவர் சினந்தார். இயேசுவோ, ஓய்வுநாளிலும் உங்கள் மாட்டையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுகிறீர்களே, ஆபிரகாமின் மகளாகிய இவளைக் கட்டிலிருந்து அவிழ்க்க வேண்டாமா என்று கேட்டார். பட்டி மாடுகளை வளர்க்கும் படுவான்கரை மக்களுக்கு இதைவிடத் தெளிவான விளக்கம் தேவையில்லை. எந்த நாளானாலும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டாமல் விடுவார் உண்டோ?

ஓய்வுநாள் மனிதருக்காக உண்டாக்கப்பட்டது என்றும், மானிடமகன் அந்நாளுக்கும் ஆண்டவர் என்றும் அவர் அறிவித்தார் (மாற்கு 2:27-28). சிலுவையில் உயிர் துறந்தபின் அவரே ஓய்வுநாள் முழுவதும் கல்லறையில் துயின்றார். அவரை அன்புசெய்த பெண்களும் நறுமணப் பொருள்களை ஆயத்தம் செய்துவிட்டு, கட்டளைப்படி அந்நாளில் ஓய்ந்திருந்தனர் (லூக்கா 23:56). அதற்கு அடுத்த காலையில் கல்லறை வெறுமையாயிருந்தது.

முதல் நாள், ஆண்டவரின் நாள்

ஆண்டவர் உயிர்த்தெழுந்தது வாரத்தின் முதல் நாள் என்பதில் நான்கு நற்செய்திகளும் ஒருமித்த குரலில் பேசுகின்றன. அதே நாளில் துரோவாவில் அப்பம் பிட்கக் கூடினார்கள் (திருத்தூதர் பணிகள் 20:7). அதே நாளில் எருசலேம் ஏழைகளுக்காகப் பொருள் சேர்த்துவைக்குமாறு பவுல் கொரிந்தியருக்கு எழுதினார் (1 கொரிந்தியர் 16:2). திருவெளிப்பாட்டு நூலில் (1:10) ஆண்டவரின் நாள் என்ற பெயரே வழங்குகிறது. ஏறத்தாழ 155-ஆம் ஆண்டில் புனித யுஸ்தீன் எழுதிய விளக்கத்தில், ஞாயிறு எனப்படும் நாளில் நகரத்தாரும் நாட்டுப்புறத்தாரும் ஓரிடத்தில் கூடுவதும், வாசகம், மறையுரை, மன்றாட்டு, நற்கருணை என வழிபாடு நடைபெறுவதும், கைம்பெண்களுக்கும் அநாதைகளுக்கும் காணிக்கை திரட்டுவதும் வரிசையாகச் சொல்லப்பட்டுள்ளன. இன்றைய நம் திருப்பலியின் அமைப்பு அதில் அப்படியே தெரிகிறது.

ஞாயிறு வழிபாட்டைப் பேரரசர் கான்ஸ்டன்டைன் புகுத்தினார் என்று சொல்வாருக்கு விடை இதுவே. அவருடைய ஆணை 321-ஆம் ஆண்டுக்குரியது. யுஸ்தீன் அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் முந்தியவர். கான்ஸ்டன்டைன் செய்தது ஞாயிற்றைப் பொது விடுமுறை ஆக்கியது மட்டுமே. நீதிமன்றங்களும் நகரத் தொழிற்கூடங்களும் அன்று ஓய்ந்திருக்க வேண்டும் என்றார். ஆனால் விதைப்புக்கேற்ற வேளை தவறிவிடக்கூடாது என்று உழவர்களுக்கு விலக்களித்தார்.

இதிலிருந்து நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முதல் மூன்று நூற்றாண்டுகளில் ஞாயிறு ஒரு வேலைநாள். அடிமைகளாகவும் கூலியாள்களாகவும் இருந்த கிறிஸ்தவர்களுக்கு அன்று விடுமுறை இல்லை. குறித்த ஒரு நாளில் விடியுமுன் அவர்கள் கூடுவதாக உரோமை ஆளுநர் பிளினி இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பேரரசருக்கு எழுதினார். 304-ஆம் ஆண்டில் வட ஆப்பிரிக்காவின் அபித்தினா ஊரைச் சேர்ந்த 49 கிறிஸ்தவர்கள், தடையை மீறி ஞாயிறு வழிபாட்டுக்குக் கூடியதற்காக கார்த்தேஜில் விசாரிக்கப்பட்டனர். ஆண்டவரின் நாள் வழிபாடின்றி எங்களால் வாழ இயலாது என்ற கருத்தையே அவர்கள் விடையாகத் தந்து மறைசாட்சிகளாயினர்.

சொற்களையும் தெளிவுபடுத்திக்கொள்வோம். தமிழ்த் திருவிவிலியம் ஓய்வுநாள் என்று சொல்லும்போது அது சனிக்கிழமையையே குறிக்கிறது. நமக்கு ஞாயிறு, ஆண்டவரின் நாள். போர்த்துக்கீச மொழியில் சனி சாபதோ, ஞாயிறு தொமிங்கோ. முன்னது சபாத்திலிருந்தும் பின்னது ஆண்டவர் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்தும் பிறந்தவை. மட்டக்களப்பின் பறங்கியர் குடும்பங்கள் காத்துவரும் போர்த்துக்கீச மரபில் இந்த இரு நாள்களின் வரலாறும் உறங்கிக் கிடக்கிறது. நம் இஸ்லாமியச் சகோதரர்கள் அரபு மொழியில் சனிக்கிழமையைச் சப்து என்பதும் அதே வேர்ச்சொல்லே. இக்கட்டளையை நாம் மூன்றாம் கட்டளை என எண்ணுகிறோம்; யூதர்களும் பெரும்பாலான சீர்திருத்த சபையினரும் நான்காவதாக எண்ணுகின்றனர்.

சனிக்கிழமையைப் போற்றும் கிறிஸ்தவர்களும் உண்டு. எத்தியோப்பியத் திருச்சபை இரு நாள்களையும் மதிக்கிறது. தமிழ் மண்ணிலேயே, திருநெல்வேலிச் சீமையில் 1857-ஆம் ஆண்டில் மிஷனரிகளை விட்டுப் பிரிந்த அருமைநாயகம் என்னும் சட்டாம்பிள்ளை, தாம் தொடங்கிய இந்து கிறிஸ்தவ சபையில் சனிக்கிழமை ஓய்வுநாளை ஏற்படுத்தினார். அவர்களோடு நாம் வழக்காட வேண்டியதில்லை. உயிர்ப்பே நம் நாளுக்கு அடிப்படை என்பதை அமைதியாக எடுத்துரைத்தால் போதும்.

ஞாயிறு வேலைநாளான காலம்

இப்போது நம் நாட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். உங்கள் வீட்டில் முதியவர்கள் இருந்தால் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு அது நினைவிருக்கக்கூடும்.

1966-ஆம் ஆண்டு முதல் இலங்கையில் ஞாயிறு விடுமுறை நீக்கப்பட்டது. டட்லி சேனநாயக்கவின் அரசு, பூரணை, அமாவாசை, இரு அட்டமிகள் ஆகிய நான்கு நோன்மதி நாள்களையும் வார விடுமுறையாக்கியது. அவற்றுக்கு முந்திய நாள் அரைநாள் விடுமுறை ஆயிற்று. ஞாயிறு ஓய்வு அந்நிய ஆட்சியர் தந்தது, பௌத்தர் பெரும்பான்மையாக வாழும் நாட்டில் அவர்களுடைய புனித நாளே ஓய்வாக இருக்கட்டும் என்பது அதன் நியாயம். அந்த நியாயத்தில் உண்மையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தம் புனித நாளில் வேலைக்குச் செல்ல நேர்ந்த பௌத்தரின் வருத்தத்தை, அவ்வாண்டுகளில் கிறிஸ்தவர்கள் தாமே உணரும்படி ஆயிற்று.

நிலவு யாருடைய நாள்காட்டிக்கும் அடங்குவதில்லை. ஒரு வாரம் ஏழு நாள்களாகவும் மற்றொரு வாரம் எட்டு நாள்களாகவும் அமைந்தது. ஞாயிறோ ஏழுக்கு ஒருமுறை தன் போக்கில் வந்துகொண்டிருந்தது. சில வேளைகளில் இரண்டும் ஒத்துவந்தன; பெரும்பாலும் வரவில்லை. ஞாயிறன்று பள்ளிமணியும் அலுவலகமும் அழைத்தன. கோவில் மணியும் அழைத்தது. அதிகாலையிலோ மாலையிலோ நேரம் கண்டுபிடித்தவரே திருப்பலி கண்டனர். உலகின் பிற நாடுகளோடு வணிகமும் வங்கித் தொழிலும் ஒத்துப்போகாமற்போகவே, 1971-ஆம் ஆண்டில் ஞாயிறு விடுமுறை மீண்டும் வந்தது. பூரணை நாள் இன்றும் பொது விடுமுறையாக நிலைத்திருக்கிறது, அது முறையே.

ஏழுநாள் வாரத்தை மாற்ற முயன்றவர்கள் வேறு நாடுகளிலும் இருந்தனர். பிரெஞ்சுப் புரட்சியாளர் பத்து நாளுக்கு ஒரு ஓய்வு என்றனர். சோவியத் ஆட்சி 1929-இல் ஐந்துநாள் சுழற்சியைக் கொண்டுவந்து, குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு நாளில் விடுமுறை கிடைக்கச் செய்தது. 1940-இல் ஏழுநாள் வாரத்துக்கே திரும்பியது. கணவனும் மனைவியும் பிள்ளைகளும் வெவ்வேறு நாளில் ஓய்ந்தால் அது குடும்ப ஓய்வாகுமா?

அன்பார்ந்தவர்களே, 1966 முதல் 1971 வரையிலான அனுபவம் நமக்குக் கற்பிப்பது இது: விடுமுறையை அரசு தரலாம், எடுக்கவும் செய்யலாம். ஆண்டவரின் நாளை எந்த அரசும் தரவில்லை, எடுக்கவும் இயலாது. ஆனால் நாமே அதைக் கைநழுவவிட முடியும்.

கதவுகள் மூடப்பட்ட ஞாயிறுகள்

2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா. அன்று காலை கொச்சிக்கடையிலும் கட்டுவப்பிட்டியிலும் நம் ஆலயங்களிலும், மட்டக்களப்பில் சீயோன் சபை ஆலயத்திலும் குண்டுகள் வெடித்தன. சீயோன் ஆலயத்தில் ஞாயிறுப் பள்ளியை முடித்துவிட்டு வெளியே வந்திருந்த பிள்ளைகள் பலர் உயிரிழந்தனர். அடுத்த ஞாயிறன்று நாட்டின் கத்தோலிக்க ஆலயங்கள் திறக்கப்படவில்லை. கொழும்புப் பேராயர் கர்தினால் மல்கம் ரஞ்சித் நிறைவேற்றிய திருப்பலியை மக்கள் வீட்டிலிருந்து தொலைக்காட்சியில் கண்டனர். ஓராண்டுக்குள் கொள்ளைநோய் வந்து ஆலயக் கதவுகளை மீண்டும் மூடியது.

அந்நாள்களில் நம்மில் எத்தனை பேர் கண்ணீர் விட்டோம்! பூசை காணாத ஞாயிறு ஞாயிறாகவே இல்லை என்று சொன்னோம். கதவுகள் திறந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. அந்த ஏக்கம் இன்னும் நம் உள்ளத்தில் இருக்கிறதா?

நம் வீட்டு ஞாயிறு

ஆயித்தியமலைச் சதா சகாய அன்னையின் திருவிழாவுக்கு நெடுந்தொலைவு நடந்து செல்ல நாம் தயங்குவதில்லை. வெயிலும் கால்வலியும் அன்று பெரிதாகத் தோன்றுவதில்லை. ஆண்டுக்கொருமுறை அவ்வளவு தொலைவு நடக்கும் கால்கள், வாரந்தோறும் பங்கு ஆலயத்துக்குச் செல்லத் தயங்குவது ஏன்? அன்னையிடம் செல்வோரை அவர் தம் மகனிடமே அனுப்பிவைக்கிறார் அல்லவா?

இன்று பல குடும்பங்களில் ஞாயிறு காலையைப் பறிப்பது தனியார் வகுப்பு. பரீட்சை நெருங்கினால் மறைக்கல்வியே முதலில் விடுபடுகிறது. பிள்ளையின் எதிர்காலத்துக்காகத்தான் என்கிறோம். ஏழு நாளும் ஓடக் கற்ற பிள்ளை நாளை நிற்கக் கற்குமா? முடியுமானால் வேறு நாளுக்கு அல்லது வேறு நேரத்துக்கு வகுப்பை மாற்றக் கேளுங்கள். பெற்றோர் பலர் சேர்ந்து கேட்டால் ஆசிரியரும் செவிசாய்ப்பார்.

அறுவடைக் காலத்தில் மழை இருண்டு வரும்போது விளைந்த நெல்லை விட்டுவிட்டு வரச் சொல்வது திருச்சபையின் எண்ணமன்று. குடும்பத்தின் உண்மையான தேவையும் சமூகத்துக்கான இன்றியமையாத பணியும் ஓய்வுக் கடமையிலிருந்து விலக்குத் தரும் என மறைக்கல்வி ஏடு ஏற்றுக்கொள்கிறது. நோயாளியைக் காக்கும் தாதியும், பேருந்தை ஓட்டும் ஓட்டுநரும் ஞாயிறன்று பாவம் செய்பவர்கள் அல்லர். ஆனால் விலக்கு வழக்கமாகிவிடாதபடி காத்துக்கொள்ளுங்கள். காலையில் இயலாவிடில் சனி மாலைத் திருப்பலியை நாடுங்கள்.

இன்னொன்றையும் மறவாதீர்கள். தேவையின்றிப் பிறரிடம் வேலை வாங்கி அவர்களுடைய ஞாயிற்றைக் கெடுக்கக்கூடாது என்றும் அதே ஏடு கற்பிக்கிறது. உங்கள் கடையில், வயலில், வீட்டில் வேலை செய்பவருக்கு ஞாயிறு உண்டா? அவர் வேற்று மதத்தவராயின் அவருடைய புனித நாளில் அவருக்கு ஓய்வு தருகிறீர்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, உங்கள் வீட்டுத் தாய்க்கு ஞாயிறு உண்டா? மற்றவர் ஓய்ந்திருக்க அவர் மட்டும் அடுப்படியில் இரட்டிப்பாக உழைக்கும் நாள், இணைச்சட்ட நூல் சொல்லும் ஓய்வுநாள் ஆகாது. பாத்திரம் கழுவும் கை ஒன்று கூடினால், செபமாலை சொல்லும் குரலும் ஒன்று கூடும்.

1998-ஆம் ஆண்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் ஆண்டவரின் நாளைப் பற்றித் திருத்தூது மடல் ஒன்றை எழுதி, ஞாயிறு வெறும் வார இறுதியாகச் சுருங்கிவிடக்கூடாது என எச்சரித்தார். திருப்பலி, குடும்பம், ஏழைகள்பால் அன்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததே ஞாயிறு. வருகிற சனிக்கிழமை பொழுது படும்போது, வீட்டு விளக்கை ஏற்றி அனைவரும் ஒன்றாக அமருங்கள். மறுநாளின் நற்செய்தியை ஒருவர் வாசிக்கட்டும். அவ்வாரத்தில் நோயுற்றிருக்கும் ஒருவரின் பெயரைச் சொல்லி மன்றாடுங்கள். ஞாயிறு திருப்பலிக்குப்பின் அவரைச் சென்று பாருங்கள்.

கடவுளின் மக்களுக்கு ஓய்வு ஒன்று இன்னும் மீந்திருக்கிறது என எபிரேயர் திருமுகம் (4:9) நமக்கு உறுதி கூறுகிறது. ஒவ்வொரு ஞாயிறும் அந்த நிலையான ஓய்வின் முன்சுவை. ஆண்டவரே, உமக்குரிய நாளை உமக்கே தரும் மனத்தை எங்கள் குடும்பங்களுக்குத் தாரும். ஆமென்.